ஃபிளாஸ்க்கில் வைக்காத ரத்தம்

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேப்பில், ஃப்ரிட்ஜ் கதவின் மேல் சிவப்பு மையில் எழுதிய ஓர் அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘முதுகுத்தண்டு நீர் வெளியூர் போனால், அதே நாள் எடுத்த ரத்தமும் கூடப் போக வேண்டும்.’ எழுதியது நான்தான். ‘கூட’ என்ற சொல்லுக்கு அடியில் மூன்று கோடு இழுத்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகள் போன மாதம் போன் போட்டு, “சார், இதான் புக்குலயே இருக்கே, எதுக்கு மூணு கோடு?” என்று கேட்டார்கள். அந்த டெஸ்டில் பிடிபடுகிற நரம்பு நோய்க்கு இப்போது, பி செல் என்கிற வெள்ளையணுவைக் குறிவைத்து அழிக்கிற மருந்தெல்லாம் சர்வசாதாரணமாகிவிட்டதாம். உங்க காலத்துல எப்படி சார் இருந்துச்சு, எழுதிக் குடுங்க என்றார்கள். எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு என்னை சார் என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பூர்வகதை பெரிதாக ஒன்றும் இல்லை. செந்துறைக்குப் பக்கத்தில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம். எங்கள் வீட்டில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் நான். திருச்சியில் லேப் படிப்பு, அங்கேயே ஓரிடத்தில் கொஞ்ச நாள் பாட்டில் கழுவல், தொண்ணூற்று ஐந்தில் பெரம்பலூர். ஹைவேயை ஒட்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரி. லேப் என்றால் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃப்ரிட்ஜ், ரத்தம் சுற்றுகிற மெஷின் ஒன்று, அப்புறம் கோவிந்தராசு ஆகிய நான். ஆறு வருடம் அங்கே நான் வைத்ததுதான் சட்டம்.

செல் எண்ணுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. முதுகுத்தண்டு நீர் பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதில் ஒரு சொட்டைக் கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, கட்டம் கட்டமாக வெள்ளையணுக்களை எண்ண வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எண்ணாவிட்டால் செல் உடைந்து கரைந்து போகும். அவசரப்பட்டாலும் தப்பாகும், ஆற அமர இருந்தாலும் தப்பாகும். எனக்கு அந்தக் கை இருந்தது, அந்தத் திமிரும் இருந்தது.

எங்கள் டாக்டர் அம்மா பெயர் சௌந்தரம். ஆஸ்பத்திரியே அவர்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. லேப்புக்கு அவரே நடந்து வருவார், உட்கார மாட்டார். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் முன் புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைப்பார். எனக்கு உயிர் போகும், அந்த லென்ஸைத் துணியால் துடைக்கவே கூடாது. ஆனால் யார் சொல்வது? எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: “பாத்ததா, நெனச்சதா?” பார்த்தேன் என்றால் கையெழுத்துப் போடுவார். கொஞ்சம் இழுத்தாலும் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். “மறுபடி பாருங்க ராசு” என்பார். அவ்வளவுதான். அந்த ‘ராசு’வுக்காக நான் பட்டினி கிடந்து வேலை செய்திருக்கிறேன்.

இந்த இடத்தில் என் நீல நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதி வைப்பேன். மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவேன், சாவி அரைஞாண் கயிற்றில். ஒருமுறை, ஒரு பஸ் டிரைவரின் முதுகுத்தண்டு நீரை மட்டும் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்துத் திருச்சி கொண்டுபோய் அங்கிருந்து சென்னை லேப்புக்கு அனுப்பினேன். மறுநாளே எஸ்டிடியில் கூப்பிட்டு, “ரத்தம் எங்கங்க? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டாத்தான் இந்த டெஸ்டே. தண்ணிய மட்டும் வச்சு நான் என்ன பண்றது?” என்று கேட்டார்கள். டிரைவர் வார்டிலேயே படுத்திருந்தார். ஓடிப்போய் ரத்தம் எடுத்து அடுத்த பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் முடிந்தது. நீல நோட்டில் எழுதிக்கொண்டேன், பூட்டிக்கொண்டேன்.

அரியலூரை முதல் தடவை தனி மாவட்டமாக்கிய வருடம் நஜ்முதீன் வந்து சேர்ந்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரன். சவூதி தம்மாமில் ஆறு வருடம் பெரிய ஆஸ்பத்திரி லேப்பில் இருந்துவிட்டு, உம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊரோடு வந்தவன். என்னைவிட எட்டு வயது சின்னவன். வந்த முதல் நாளே, “ராசண்ணே, நீங்க சீனியரு, சொல்லிக்குடுங்க, கேட்டுக்கறேன்” என்றான். நல்ல பிள்ளைதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அவன் ஊசி குத்தினால் வலிக்காது. இது ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வருகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “அந்த பாய் தம்பி இல்லீங்களா?” என்பார்கள். நான் கோட்டும் கையுமாக எதிரில் நிற்பேன். “பரவால்ல, வரட்டும், இருக்கோம்” என்று பெஞ்சில் உட்காருவார்கள். எனக்குக் காதில் புகை வரும். புது மெஷின் ஒன்று வந்தது, முப்பது ரத்தத்தை ஒரே மூச்சில் எண்ணித் தள்ளும். அதன் இங்கிலீஷ் புத்தகத்தை அவன் ஒரே மத்தியானத்தில் படித்து ஓட்டிக் காட்டினான். என் கண்ணும் கையும் ஆறு வருடம் செய்ததை அது ஒரு டீ ஆறுவதற்குள் செய்தது.

இதெல்லாமாவது போகட்டும். ஒருநாள் டாக்டர் அம்மா லேப்புக்குள் வந்து, ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “நஜ்மு, உக்காருங்க, இத எனக்கு வெளக்கிச் சொல்லுங்க” என்றார். உக்காருங்க! ஆறு வருடமாக அந்த அம்மா எதிரில் நான் உட்கார்ந்ததில்லை, உட்காரச் சொன்னதுமில்லை. அவனும் சட்டென்று உட்காராமல், “அண்ணே, நீங்களும் வாங்க” என்று எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். பிச்சை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. வேலை இருக்கு என்று வெளியே வந்துவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை. பொறாமைக்கு வேறு பெயரெல்லாம் வைத்துப் பார்த்தேன், மரியாதை, அனுபவம், நியாயம் என்று. ஒன்றும் பொருந்தவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கலைச்செல்வி வந்தாள். அரியலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்த பெண், இருபத்தாறு வயது. அந்த ஊரில் ஹையர் பாஸ் பண்ணியவர்களில் பாதிப் பேர் அவள் கையால் தேறியவர்கள். வாய் ஜாஸ்தி. “சார், எடது கை சுண்டு வெரலு ‘ஏ’ அடிக்க மாட்டேங்குது. ஏ இல்லாம என்னத்த டைப்பு? போன வருசம் வலது கண்ணு பதினஞ்சு நாளு மங்கலா இருந்துச்சு, தானா சரியாயிடுச்சு. இது ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? அத மட்டும் சொல்லுங்க போதும்” என்று என்னிடம் கேட்டாள். டாக்டர் அம்மா அவள் பாதத்தில் சாவியால் கீறிப் பார்த்தார், கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், ‘ஊம்’ என்றார். திருச்சிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் மூளையில் நாலைந்து வெள்ளைப் புள்ளி. டிபியாக இருக்கலாம் என்றது ஸ்கேன் ரிப்போர்ட். டாக்டர் அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். “நரம்பு மேல இருக்கற உறைய நம்ம உடம்பே தின்னுற நோயி ஒண்ணு இருக்கு. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். இந்தப் பக்கம் நான் பாத்ததில்ல. டிபியா அதுவான்னு பிரிச்சுக் காட்ட முதுகுத்தண்டு நீரைத்தான் கேக்கணும்” என்றார்.

ஒரு வியாழக்கிழமை காலை. கலைச்செல்வியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, இறால் மாதிரி சுருட்டிப் பிடித்திருந்தோம். நான் தோளை, நஜ்மு காலை. டாக்டர் அம்மா இடுப்பு எலும்பைத் தடவி, இரண்டு முள்ளுக்கு நடுவில் விரல் நகத்தால் அடையாளம் வைத்து, ஊசியை இறக்கினார். சொட்டு சொட்டாக, தெளிவாக வந்தது. மூன்று டியூப். முதல் டியூப் எனக்கு. ஐந்துக்குள் இருக்க வேண்டிய செல் பதினெட்டு இருந்தது. எல்லாம் சின்ன உருண்டைகள், ஊதாப் பொட்டு மாதிரி. அதில் எது டி செல், எது பி செல் என்று எந்தக் கொம்பனாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே முகம். “பதினெட்டும்மா” என்றேன். “பாத்ததா?” “பாத்ததும்மா.” எனக்குப் பெருமையாக இருந்தது, இனி ஃபிளாஸ்க் என் கைக்கு வரும் என்று நிமிர்ந்து நின்றேன். வெளியூர் சாம்பிள் எப்போதும் நான்தான் கொண்டுபோவேன்.

“நஜ்மு, திருச்சிக்கு நீங்க போயிட்டு வாங்க. அங்க அவங்க இங்கிலீஷ்ல எதாச்சும் கேட்டா நீங்க பேசிடுவீங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

நஜ்மு ஐஸை உடைத்து ஃபிளாஸ்க்கில் போட்டான். டியூப்பைப் பஞ்சில் சுற்றினான், பெயர் எழுதினான், வைத்தான். தம்மாமில் அவன் பார்த்தது சர்க்கரை, உப்பு, கிட்னி டெஸ்டுகள்தான், இந்த டெஸ்ட் அவன் கைக்கு வந்ததே இல்லை. ஃபிளாஸ்க்கை மூடும் முன் என்னைப் பார்த்தான். “அண்ணே, எல்லாம் சரியா இருக்கா? வேற எதாச்சும் கூட வைக்கணுமா?”

என் கைக்கு எட்டும் தூரத்தில் டிராயர். அதற்குள் நீல நோட்டு. கலைச்செல்வி பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள், அவள் கையில் ஒரு ஊசி குத்த ஒரு நிமிடம் ஆகும். போகட்டும், திரும்பி வரட்டும், தம்மாம் லேப்பும் ஒன்றும் தெரியாத லேப்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். நோயாளியை நான் நினைக்கவே இல்லை. இதைப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

“எல்லாம் சரிதான் தம்பி. கெளம்பு, பஸ்ஸு போயிடும்” என்றேன்.

உடனே போன் வரும், சின்ன அவமானத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டது. அந்தத் தடவை போன் வரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தபாலில் ரிப்போர்ட்தான் வந்தது. நீரில் எதிர்ப்புப் புரதக் கோடுகள் தெரிகின்றன, உடன் ரத்தம் வரவில்லை, ஆகவே கருத்துச் சொல்ல இயலாது, இரண்டையும் புதிதாக எடுத்து அனுப்பவும் என்று இருந்தது. டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் எதிரில் நிற்க வைத்தார். நஜ்முவைப் பார்த்து, “ரத்தம் வைக்கணும்னு தெரியாதா?” என்றார். என்னைக் கேட்டுத்தான் போனேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “தப்பு என்னோடதுதாம்மா” என்றான். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு, ராசு?”

“தெரியாதுங்கம்மா” என்றேன்.

வாழ்க்கையில் அந்த அம்மாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அன்றைக்குப் பார்த்து, பார்த்ததா நினைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

மறுபடி எடுக்கலாம் என்றால் கலைச்செல்வியின் அப்பா சம்மதிக்கவில்லை. முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாள் அவளுக்குத் தலை தூக்க முடியாத வலி. தெரு முழுக்க வந்து, முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். “ஒருவாட்டி குத்தி ஒண்ணும் தெரியலன்னுட்டீங்க. எம்மவ என்ன உங்களுக்குக் கத்துக்கற பொம்மையா?” என்று கேட்டார். நஜ்மு இரண்டு தடவை பஸ் ஏறி அரியலூர் போய்க் கெஞ்சிவிட்டு வந்தான். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. வேறு ஆதாரம் இல்லாததால் டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். அவளும் ஒழுங்காக விழுங்கினாள். மாதாமாதம் வந்து, “சார், ஒண்ணுக்கு ஆரஞ்சு கலரா போவுது, அதத் தவிர எந்த மாத்தமும் இல்ல” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் ஃப்ரிட்ஜைத் திறந்து எதையாவது தேடுவேன்.

ஏழாவது மாதம், இன்ஸ்டிடியூட்டில் பரீட்சைக்குப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் நடந்தவள் அப்படியே சரிந்தாள். இடது கையும் இரண்டு காலும் போய்விட்டன. தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா இப்போது சரி என்று தலையை ஆட்டினார். இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்னால் நானே அவள் கையில் கட்டுக் கட்டி ரத்தம் எடுத்தேன், நீர் டியூப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். நஜ்மு நிமிர்ந்து பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். ஃபிளாஸ்க்கோடு இரண்டு பேரும் திருச்சி போனோம்.

ரிப்போர்ட் இப்போது தெளிவாக வந்தது. நீரில் கோடு இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. திருச்சி நரம்பு டாக்டர் அதை எங்களுக்கு விளக்கினார். “ரெண்டுலயும் கோடு இருந்தா, அந்த எதிர்ப்புப் புரதச் சரக்கு வெளியிலேர்ந்து மூளைக்குள்ள போயிருக்குன்னு அர்த்தம். நீர்ல மட்டும் இருந்தா உள்ளயே யாரோ தயாரிக்கிறாங்க. தயாரிக்கிறது பி செல்லு வம்சம். கிருமிய அடிக்க வேண்டிய ஆளு, மூளைக்குள்ள போயி டேரா போட்டுட்டான். இது டிபி இல்ல. ஸ்க்ளிரோசிஸ்தான், அதுலயும் மூர்க்கமான வகை” என்றார். ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். கால் கொஞ்சம் திரும்பியது. இடது கை திரும்பவில்லை. முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று நஜ்மு கேட்டதற்கு, “உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஏழு மாசம் சும்மா வுட்டிருக்க மாட்டோம்” என்றார். அந்த ‘உறுதியா சொல்ல முடியாது’வைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச காலம் ஓட்டினேன்.

அதற்குப் பிறகும் அவளுக்கு இரண்டு தாக்குதல் வந்தது. அரியலூரை இரண்டாவது தடவை தனி மாவட்டமாக்கிய வருடம், ரத்தப் புற்றுக்குக் கொடுக்கிற ஒரு மருந்தை அவளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் நரம்பு டாக்டர். அது பி செல்லை மட்டும் தேடிப் பிடித்து ஒழிக்கும். “இத்தன வருசம் டி செல்தான் குத்தவாளி, பி செல்லு பக்கத்துல நின்னு வேடிக்க பாக்குதுன்னு படிச்சோம். இப்ப என்னடான்னா, வேடிக்க பாத்தவன்தான் தூண்டியே விட்டிருக்கான்னு தெரியுது” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நான் அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. மருந்து ஏறியது. தாக்குதல் நின்றது. போனது வரவில்லை, இருந்தது நிலைத்தது.

அதே வருடம் நஜ்மு மறுபடி தம்மாமுக்குக் கிளம்பினான். உம்மா மவுத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றான். வழியனுப்பப் போனவன், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். “எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. ரத்தம் வைக்கணும்னு.”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். “நான் உங்ககிட்ட கேட்டேனேண்ணே” என்றான்.

“கேட்ட.”

“ஏண்ணே?”

“பொறாம” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவன் முகம் சிவந்தது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். “என்கிட்ட ஏன் சொல்றீங்க? போயி அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான், கை காட்டவில்லை. கேவலம் என்னவென்றால், அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவனுக்குக் கோபப்படுகிற யோக்கியதை இருந்தது. அவன் உட்கார்ந்த நாற்காலியைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போனேன். மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டைக் கீழே மாற்றியிருந்தார்கள். கலைச்செல்வி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் கையால் யாருடைய தாளையோ திருத்திக்கொண்டிருந்தாள். “வாங்க சார், என்ன இம்புட்டு தூரம்? உக்காருங்க” என்று எதிர் நாற்காலியைக் காட்டினாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீல நோட்டு, ஃபிளாஸ்க், அவன் கேட்டது, நான் சொன்னது. பின்னால் மிஷின்கள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அந்த பாய் சாரு எங்க வூட்டுக்கு வந்து, எங்க அப்பா கையப் புடிச்சுக்கிட்டு, தப்பு என்னோடதுங்க, புள்ளைய மறுபடி அனுப்புங்கன்னு அழுதாரு சார்” என்றாள். “அப்பா அவர வெளிய போகச் சொன்னாரு.”

சுவரில் சாய்ந்திருந்த ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எத்தன மாசம் சார் அது?”

“ஏழு.”

மடியில் கிடந்த இடது கையை வலது கையால் எடுத்து மேஜை மேல் வைத்தாள். அது வைத்த இடத்தில் கிடந்தது.

“அந்த ஏழு மாசமும் எனக்கு ரெண்டு கையும் இருந்துச்சு சார்” என்றாள்.